பொன்னைத் துறந்து ஸ்வரத்தை வழங்கிய புரந்தரதாசர்

பூதிகோட்டை என்றதும் வெளியூர் அன்பர்கள் ஐதர் அலியின் பெயரையே முதலில் எடுப்பர். அம்மாவீரர் பிறந்த ஊர் இது என்று சரித்திரம் பேசுகிறது. வாள் வலியால் அவர் ஈட்டிய அரசு அவர் மைந்தர் திப்பு சுல்தானுடன் 1799ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் முடிவுற்றது. ஆனால் வாளும் இன்றி, படையும் இன்றி, ஒரு தம்பூராவும் சிப்ளாக்கட்டையும் கொண்டு ஒரு பெரியவர் நாட்டிய அரசு ஒன்று உண்டு. அதன் வேர்களில் ஒன்று நம் வட்டாரத்து முளபாகலில் ஊன்றியிருக்கிறது. நானூற்று அறுபது ஆண்டுகள் கடந்தும் அவ்வரசு சாயவில்லை. நம் காலனியில் விளக்கேற்றும் மாலை வேளைகளில் எந்த வீட்டில் ஒரு குழந்தை பாட்டு வாத்தியார் முன் அமர்ந்து ஸ, ரி, க, ம என்று தொடங்குகிறதோ, அந்த வீட்டில் அவர் ஆட்சி நடக்கிறது. அவரே கர்நாடக சங்கீத பிதாமகர் என்று போற்றப்படும் ஸ்ரீ புரந்தரதாசர்.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் ஆண்டுதோறும் நம் சிறுவர் சிறுமியர் பாடுகின்றனர். மகிழ்ச்சியே. ஆயின், ஒலிபெருக்கியின் முன் நின்று, திரைப்படத்தில் கேட்ட உச்ச ஸ்தாயியை அன்றே எட்டிப் பிடிக்க வேண்டும் என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும் குழந்தைகளைக் காணும்போது நெஞ்சம் பதைக்கிறது. குரல் உயர வேண்டும் என்ற ஆசை நல்லதே. அதற்கு வழி ஒன்று உண்டு. அவ்வழியை அமைத்துத் தந்தவரின் வரலாற்றை அறிந்தால் வழியின் பெருமையும் விளங்கும் என்பதனால், அவ்விரண்டையும் ஒருசேர இம்மலரில் எடுத்துரைக்க முற்படுகிறேன்.

செல்வர் சீனிவாச நாயக்கர்

புரந்தரதாசர் 1484ஆம் ஆண்டில் தோன்றினார் என்பது வழிவழி வந்த கணக்கு. புனா நகருக்கு அருகேயுள்ள புரந்தரகடமே அவர் ஊர் என்பார் ஒருசாரார். மலைநாட்டில் தீர்த்தஹள்ளிப் பகுதியே அவர் ஊர் என்பார் மற்றொரு சாரார். எவ்வூராயினும், அவர் பிறந்தது செல்வம் கொழித்த வணிகக் குடி. பெற்றோர் இட்ட பெயர் சீனிவாசன். பொன்னும் மணியும் வாங்கி விற்பதும், நகையின் மீது கடன் கொடுப்பதும் அவர்கள் தொழில். தந்தைக்குப் பின் தொழிலை ஏற்ற சீனிவாச நாயக்கர் அதைப் பன்மடங்காகப் பெருக்கினார். நவகோடி நாராயணன் என்று மக்கள் அவரை அழைத்தனர். ஒன்பது கோடிக்கு அதிபதி என்பது அதன் பொருள்.

செல்வம் வளர்ந்த அளவுக்கு உள்ளம் வளரவில்லை. கொடுத்த காசு வட்டியோடு திரும்பி வர வேண்டும். கொடாத காசு பெட்டியிலேயே உறங்க வேண்டும். இதுவே அவர் கொள்கை. அவர் மனைவியார் சரசுவதி பாய் அம்மையாரோ ஈர நெஞ்சினர். கணவர் அறியாமல் ஏழைகளுக்கு இட்டு உண்பவர்.

தங்கவயலைச் சார்ந்து வாழ்ந்த நமக்குப் பொன்னின் இயல்பை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாறையைப் பிளந்து, பூமிக்குள் இரண்டு கல் தொலைவு ஆழம் இறங்கி, ஒரு டன் கல்லை அரைத்தால் சில குன்றிமணி எடையே கிட்டும் பொருள் அது. எடுத்தவன் கையில் அது தங்குவதும் இல்லை. எடுத்தவன் எவனோ, அணிபவள் எவளோ. சீனிவாச நாயக்கரின் பெட்டியில் இருந்த பொன்னும் அத்தகையதே. அது அவர் கையில் தங்காமற் போன கதை கன்னட நாட்டில் பாமரரும் அறிந்த கதை.

மூக்குத்தி செய்த மாற்றம்

ஓர் ஏழை அந்தணர் தம் மகனின் பூணூல் கலியாணத்திற்குப் பொருள் வேண்டி நாயக்கர் கடைக்கு வந்தார். நாளை வா என்றார் நாயக்கர். நாளை வந்தது, மறுநாள் வா என்றார். இப்படியே நாட்கள் மாதங்களாயின. இறுதியில் செல்லாக்காசு குவிந்த பையொன்றை எதிரே கொட்டி, இதிலிருந்து ஒன்று எடுத்துச் செல் என்றார். மனம் நொந்த முதியவர் பின்புறமாக நாயக்கரின் வீட்டிற்குச் சென்று அம்மையாரிடம் முறையிட்டார். அம்மையார் தம் தாய்வீட்டுச் சீதனமான வைர மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

முதியவர் அதை விற்பதற்கு வந்து சேர்ந்த கடை நாயக்கரின் கடையே! மூக்குத்தியைக் கண்டதும் அது தம் மனைவியுடையது என்று அறிந்த நாயக்கர், அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, முதியவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வீட்டிற்கு விரைந்தார். மூக்குத்தி எங்கே என்று உறுமினார். நடுங்கிய அம்மையார், உயிரை விடுவதே வழி என்று உள்ளே சென்று நஞ்சைக் கிண்ணத்தில் வார்த்து, இறைவனை நினைத்தார். கிண்ணத்துள் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. பார்த்தால் அதே மூக்குத்தி! அதைக் கணவரிடம் கொணர்ந்து கொடுத்தார். நாயக்கர் கடைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தார். பெட்டி வெறுமையாக இருந்தது. முதியவரையும் காணவில்லை.

வந்தவர் பாண்டுரங்கனே என்று தெளிந்த நாயக்கர், அன்றே தம் உடைமை அனைத்தையும் தானம் செய்து, கட்டிய துணியோடு மனைவி மக்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார் என்பது வரலாறு. காட்டு வழியில் அம்மையார் அஞ்சினாராம். அஞ்சுவதற்கு இனி நம்மிடம் என்ன இருக்கிறது என்று நாயக்கர் வினவினார். குழந்தைகள் நீர் பருகுவதற்காக ஒரு பொற்கிண்ணத்தை மட்டும் எடுத்து வந்ததை அம்மையார் சொன்னார். அதைப் புதரில் வீசச் செய்தார் நாயக்கர். வீசியபின் அச்சம் போயிற்று.

கதையில் தெய்வச் செயலை நம்புவோர் நம்பலாம், நம்பாதோர் விடலாம். ஒரு மனிதர் நடுவயதில் தம் செல்வத்தை உதறித் தெருவில் பாடி உண்ணும் வாழ்வை ஏற்றார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்நிலைக்கு அவரைக் கொணர்ந்தது ஒரு பெண்மணியின் ஈகை என்பதையும் நாம் மறத்தலாகாது. தம் மாற்றத்திற்குக் காரணர் மனைவியே என்று தாசரும் தம் பாடலில் நன்றி பாராட்டியிருக்கிறார்.

முளபாகல் தந்த குரு மரபு

விஜயநகரப் பேரரசு பொலிவின் உச்சியில் இருந்த காலம் அது. 1509 முதல் 1529 வரை கிருஷ்ணதேவராயர் அரசாண்டார். ஹம்பித் தலைநகரின் கடைவீதிகளில் முத்தும் மாணிக்கமும் குவித்து விற்றதை அயல்நாட்டு யாத்திரிகர்கள் வியந்து எழுதி வைத்துள்ளனர். அந்நகரில் அரசரும் வணங்கும் ஆசாரியராக விளங்கியவர் வியாசராயர். அவரிடமே சீனிவாச நாயக்கர் வந்து அடைக்கலம் புகுந்தார். 1525ஆம் ஆண்டில் தீட்சை பெற்றுப் புரந்தர விட்டலன் என்னும் முத்திரையையும், புரந்தரதாசர் என்னும் பெயரையும் ஏற்றார் என்பர். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

இவ்விடத்தில் நம் வட்டாரத்து அன்பர்கள் சற்றே நெஞ்சு நிமிரலாம். அவ்வியாசராயர் காஞ்சிபுரத்தில் சாத்திரம் பயின்ற பின்னர், மேற்கல்விக்கு நாடி வந்த இடம் நம் அருகிலுள்ள முளபாகலே. அங்கு மடாதிபதியாக இருந்தவர் ஸ்ரீபாதராயர். வடமொழியே கல்வியின் மொழி என்றிருந்த நாளில், பாமரர் பேசும் கன்னடத்தில் பக்திப் பாடல் இயற்றி வழிகாட்டியவர் அவர். ஹரிதாசர் இலக்கியத்துக்கு அவரே முன்னோடி என்பர். முளபாகலுக்கு அருகே நரசிம்ம தீர்த்தத்தில் அவருடைய பிருந்தாவனம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கண்டு வந்தவர்களே. ஸ்ரீபாதராயர், அவர் மாணவர் வியாசராயர், அவர் மாணவர் புரந்தரதாசர் என்று அம்மரபு இறங்குகிறது. ஆகவே, காஞ்சியிலிருந்து கோலார்ச் சீமைக்கும், கோலார்ச் சீமையிலிருந்து ஹம்பிக்கும் சென்ற ஓர் ஓடையில் தோன்றிய மலர் என்று தாசரைச் சொன்னால் மிகையாகாது.

காலில் சதங்கை, கையில் சிப்ளாக்கட்டை, தோளில் தம்பூரா, கழுத்தில் துளசி மாலை. இக்கோலத்தோடு அவர் நாள்தோறும் வீதியில் பாடிச் செல்வார். வீட்டார் இடும் அரிசியை அன்றைக்கு மட்டும் சமைத்து உண்பர். மறுநாளைக்கென்று ஒரு பிடியும் சேமிப்பதில்லை. ஒன்பது கோடி சேமித்த கை, ஒருபிடி அரிசியைச் சேமிக்க மறுத்தது! அவர் பாடியவை நான்கு லட்சத்து எழுபத்தையாயிரம் என்று மரபு கூறும். அதில் மிகச் சிறிய பகுதியே இன்று நம் கைக்கு எட்டியுள்ளது. தாலாட்டுப் பாடலும், நையாண்டிப் பாடலும், சாதிச் செருக்கைச் சாடும் பாடலும் அவற்றுள் உண்டு. திருப்பதி வேங்கடவன் முதலாகப் பல தலங்களின் தெய்வங்களையும் பாடியுள்ளார்.

குழந்தைக்குக் கட்டிய படிக்கட்டு

இவ்வளவு பாடிய பெரியவர் செய்த மற்றொரு பணியே நாம் இங்கு முதன்மையாகக் கருத வேண்டுவது. வீதியில் தம் பின்னே வந்த சிறுவர்களும் முதியோரும் தம்மோடு சேர்ந்து பாட விரும்பியும் குரல் இசையாமல் தடுமாறுவதை அவர் கண்டிருக்க வேண்டும். அவர்களுக்கென்று படிப்படியான ஒரு பயிற்சி முறையை அவரே வகுத்தார் என்று சங்கீத உலகம் நன்றியோடு சொல்லி வருகிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், அதன்பின் மலஹரி ராகத்தில் பிள்ளையார் மீதான எளிய கீதங்கள் என்ற இவ்வரிசை இன்றும் சென்னையிலும், பெங்களூரிலும், யாழ்ப்பாணத்திலும், சிங்கப்பூரிலும் மாறாமல் நடைபெறுகிறது.

இப்பயிற்சிக்குரிய ராகம் மாயாமாளவகௌளை. அக்காலத்தில் மாளவகௌளை என்று வழங்கிற்று. ஏன் இந்த ராகம்? இதன் அமைப்பைப் பாருங்கள். ஸவிலிருந்து ரி நெருக்கம். ரியிலிருந்து க அகலம். கவிலிருந்து ம மீண்டும் நெருக்கம். மேற்பாதியிலும் அவ்வாறே: பவிலிருந்து த நெருக்கம், தவிலிருந்து நி அகலம், நியிலிருந்து மேல் ஸ நெருக்கம். கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. கீழே நான்கு படி ஏறக் கற்ற குழந்தை, மேலே அதே நான்கு படியை அதே அளவில் காண்கிறது. புதிய இடத்திலும் பழகிய படி. மேலும், நெருக்கமான படிகள் காதைக் கூர்மையாக்குகின்றன. அகலமான படி குரலைத் தாவப் பழக்குகிறது. எளிமையும் வலிமையும் ஓரிடத்தில் கூடிய அமைப்பு இது.

சரளி வரிசையை முதற் காலம், இரண்டாங் காலம், மூன்றாங் காலம் என்று பாடிப் பழகியபின் வருவதே மேல் ஸ்தாயி வரிசை. குரலின் எல்லையை உயர்த்தும் பயிற்சி இதுவே. இதில் மாணவன் மேல் ஸவை எட்டி அங்கே நின்று மூச்சு நிலைபெறப் பழகுகிறான். அடுத்து, மேல் ரியை ஒருமுறை தொட்டு உடனே கீழே இறங்கி வருகிறான். அது கைவந்தபின் மேல் க. அதற்கும் பின்னரே மேல் ம. இறுதியில் மேல் ப. ஒவ்வொரு வரிசையிலும் கூடுவது ஒரே ஒரு ஸ்வரம். ஒவ்வொரு முறையும் தொட்டவன் திரும்பித் தன் ஸவுக்கு வந்து சேர்கிறான். செல்வத்தை ஒரே நாளில் உதறிய பெரியவர் பெயரால் வழங்கும் இப்பயிற்சி, குரலை ஒரே நாளில் அடையச் சொல்லவில்லை. விடுவதற்கு ஒரு கணம் போதும். வளர்ப்பதற்கு ஆண்டுகள் வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

ஏறுமுன் இறங்கு

மேல் ஸ்தாயிக்கு ஈடாகக் கீழ் ஸ்தாயி வரிசையும் உண்டு. இதை மந்தர ஸ்தாயி வரிசை என்றும் கூறுவர். ஸவிலிருந்து கீழே நி, த, ப என்று இறங்கும் பயிற்சி அது. நம் பண்டைத் தமிழர் இம்மூன்று நிலைகளையும் மெலிவு, சமன், வலிவு என்றனர். மெலிவில் பழகாதவனுக்கு வலிவு கைகூடாது. விடியற்காலையில் குரல் கனத்திருக்கும் வேளையில் மந்தரத்தில் மெல்ல நீண்டு இசைப்பதை மந்தர சாதகம் என்று நம் வித்துவான்கள் போற்றியதற்குக் காரணம் இதுவே. வான் நோக்கி உயரும் கோபுரத்திற்கும் கடைக்கால் கீழே அல்லவா தோண்டுகிறோம்?

இதன் உட்பொருளை இன்றைய மருத்துவ நூல் தெளிவாக விளக்குகிறது. நம் தொண்டைக்குள் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீளமுடைய இரு மெல்லிய மடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல்நாண்கள் என்கிறோம். மூச்சுக் காற்று அவற்றிடையே வரும்போது அவை ஒன்றோடொன்று தட்டி அதிர்கின்றன. சமன் ஸவில் நொடிக்கு 130 முறை அதிரும் ஆண் குரல், மேல் ஸவில் அதற்கு இருமடங்காக 260 முறை அதிர வேண்டும். கீழ் ஸவிலோ 65 முறையே. சுருதி உயர உயர, சிறு தசைகள் அந்நாண்களை இழுத்து நீட்டி மெலிதாக்குகின்றன. வீணைத் தந்தியைப் பிரடை முறுக்குவது போன்றது இது. வீணைத் தந்தி அறுந்தால் கடையில் வாங்கலாம். இத்தந்தியை எக்கடையில் வாங்குவது?

பழகாத தசையை ஒரே நாளில் முறுக்கினால் என்னாகும்? உயரம் கிட்டாத குறையைப் பாடுபவர் பலத்தால் ஈடுசெய்ய முயல்வார். மூச்சை முட்டித் தள்ளுவார், கழுத்தை நெரிப்பார், தாடையைத் தூக்குவார். நாண்கள் ஒன்றோடொன்று முரட்டுத்தனமாக மோதிச் சிவந்து வீங்கும். ஓய்வு தராமல் மேலும் கத்தினால், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்புக் காய்ப்பது போல அங்கும் காய்ப்பு உண்டாகும். அதன்பின் குரல் கரகரத்து, மேல் ஸ்தாயி அறவே எட்டாது. எதை நாடிக் கத்தினோமோ அதையே இழப்போம். ஒரு ஸ்வரம் கூட்டி உடனே திரும்பி வரும் பழைய முறையில் இவ்விபத்துக்கு இடம் குறைவு. மேட்டில் ஏறும் ரயில் வண்டி, வேகத்தைக் குறைத்துச் சீராக இழுத்தாலன்றோ உச்சியைச் சேரும்?

குரலைக் காக்கும் நெறிகள்

நம் இல்லங்களில் பயிலும் சிறார்க்கும், வயது சென்றபின் பயில விரும்பும் பெரியோர்க்கும் பயன்படுமாறு சிலவற்றைத் தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, சுருதியைத் தேர்தல். கீழ்ப் பவும் மேல்ப் பவும் வருத்தமின்றி எட்டும் வண்ணம் நடு ஸவை அமைத்துக்கொள்வதே நம் சங்கீத மரபு. பொதுவாக ஆடவர்க்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையும், பெண்டிர்க்கு நான்கரை, ஐந்து, ஐந்தரைக் கட்டையும் பொருந்தும். அண்டை வீட்டுக் குழந்தை ஆறு கட்டையில் பாடுகிறதே என்று நம் குழந்தையையும் அங்கே ஏற்றுதல் தகாது. செருப்பைப் போலவே சுருதியும் அவரவர் அளவுக்கு வேண்டும்.

இரண்டாவது, தொடங்கும் முறை. வாயை மூடி மெல்ல முனகும் ஒலியில் சில நிமிடங்கள் கழித்து, பின் மந்தரத்திலும் நடு ஸ்தாயியிலும் அகாரமாக நீட்டிப் பாடி, குரல் இளகிய பின்னரே மேல் ஸ்தாயியை நாட வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் உச்சத்தைத் தொடுதல் கூடாது.

மூன்றாவது, உடல் நிலை. முதுகு நிமிர்ந்து, தோளும் கழுத்தும் தளர்ந்து இருத்தல் வேண்டும். மூச்சு அடிவயிற்றிலிருந்து எழ வேண்டும். உயரே போகுந்தோறும் முகவாய் மேலே போகலாகாது; ஒலியும் பெருகலாகாது. உயரம் வேறு, உரப்பு வேறு என்பதைக் குழந்தைக்கு முதலிலேயே உணர்த்திவிட வேண்டும்.

நான்காவது, அளவு. மேல் ஸ்தாயிப் பயிற்சி நாளொன்றுக்குச் சில நிமிடங்களே போதும். ஒரு ஸ்வரம் நோவின்றி, நடுக்கமின்றிப் பல நாட்கள் நிலைத்து வந்தால்தான் அடுத்த ஸ்வரம். வலி, கரகரப்பு, இருமல், தொண்டை அரிப்பு, இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைய சாதகத்தை அத்துடன் நிறுத்துக. சளி பிடித்த நாளில் பாடாமல் கேட்பதே சாதகம். கரகரப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், பாடுபவராயினும் பாடாதவராயினும், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கைமருந்தோடு நாள் கடத்துவது தீது.

ஐந்தாவது, பழக்க வழக்கம். அடிக்கடி நீர் பருகுதல் நன்று. தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் செருமுதலும், மைதானத்தில் கத்துதலும் குரலுக்குப் பகை. புகையிலையும் பீடியும் குரலுக்கு மட்டுமன்றி உயிருக்கும் பகை. சுரங்கத் தூசியால் மார்பு நோய் கண்டு மூச்சிழந்த முன்னோரின் பிள்ளைகளாகிய நமக்கு, மூச்சின் அருமையை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறாவது, பையன்களுக்குரியது. பன்னிரண்டு வயது முதல் பதினாறு வயதுக்குள் மகரக்கட்டு உடையும் பருவம் வரும். குரல்நாண்கள் விரைந்து நீள்வதால் குரல் சிதறும். முற்காலத்தில் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் கொடிகட்டிப் பறந்த சிறுவர்கள், இப்பருவத்தில் பாட்டை இழந்து கலங்கியது பலரும் அறிந்த செய்தி. அந்நாட்களில் பழைய உயரத்தைத் தேடி வற்புறுத்தாது, எட்டும் எல்லைக்குள் மெல்லப் பாடிப் பொறுத்திருந்தால் புதிய குரல் தானே அமையும். பையனை ஏளனம் செய்து பாட்டையே விடச் செய்துவிடாதீர்கள் என்று தாய்மார்களை வேண்டிக்கொள்கிறேன்.

நமக்கும் அவருக்கும் என்ன உறவு?

கன்னடத்துப் பெரியவரைத் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவது ஏன் என்று அன்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டுமென்று 1941ஆம் ஆண்டில் அண்ணாமலை நகரில் எழுந்த தமிழிசை இயக்கத்தை நாம் போற்றுகிறோம். அவ்வியக்கத்தின் உயிர்நிலை யாது? மக்களுக்கு அவர்கள் தாய்மொழியில் பாட்டு வேண்டும் என்பதே. ஸ்ரீபாதராயரும் புரந்தரதாசரும் தம் மக்களுக்குச் செய்ததும் அதுவே. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் நாயன்மார்களும் ஆழ்வார்களும் தமிழில் செய்ததும் அதுவே. தேவாரத்தின் இந்தளப் பண்ணை ஓதுவார்கள் இன்று மாயாமாளவகௌளையிலேயே பாடுகின்றனர் என்பதும் எண்ணத்தக்கது. கன்னடக் குழந்தையின் முதற் பாடமும் தமிழ்ச் சன்னிதியின் பண்ணும் ஒரே ஸ்வரங்களில் சந்திக்கின்றன. ஸ்வரத்துக்கு ஏது மொழி?

திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் (1767–1847) தம் பிரகலாத பக்தி விஜயம் என்னும் நாடகத்தில் புரந்தரதாசரை வணங்கியுள்ளார். தஞ்சைத் தரணியில் வாழ்ந்து தெலுங்கில் பாடியவர், கன்னடத்துப் பெரியவரை வணங்கினார். நம் காலத்தில் எம்.எல்.வசந்தகுமாரி அம்மையார் தாசரின் பாடல்களை மேடைதோறும் பாடித் தமிழ் மக்கள் இதயத்தில் பதித்தார். 1964ஆம் ஆண்டில் தாசரின் நானூறாவது நினைவாண்டையொட்டி இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி இம்மண்ணுக்கு வந்த நம் பாட்டன்மார்க்கு இந்நாடு சோறிட்டது. அது இட்ட சோற்றை மட்டும் நினைந்து, அது ஊட்டிய ஸ்வரத்தை மறப்போமாயின் நன்றி முழுமை பெறாது.

பொன் போயிற்று, பாட்டு நின்றது

1564ஆம் ஆண்டு தை அமாவாசை நாளில், எண்பதாவது வயதில், ஹம்பியில் புரந்தரதாசர் இறைவனடி சேர்ந்தார். துங்கபத்திரைக் கரையில் விட்டலர் கோயிலுக்கு அருகே புரந்தர மண்டபம் என்ற கல் மண்டபம் இன்றும் நிற்கிறது. வெள்ளம் பெருகும் காலத்தில் அது நீரில் மூழ்கும். வடிந்ததும் மீண்டும் தலைகாட்டும். தியாகராஜரின் ஆராதனை நிகழும் தேய்பிறைப் பஞ்சமிக்குப் பத்தாம் நாள் தாசரின் ஆராதனை வருகிறது.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1565இல், தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. முத்தும் மாணிக்கமும் விற்ற வீதிகள் இடிந்து புதர் மண்டின. தாசர் வாரி இறைத்த பொன்னும், இறைக்காமல் பிறர் பூட்டி வைத்த பொன்னும் ஒன்றுபோல மறைந்தன. நம் தங்கவயலிலும் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய பெருந்தொழில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளன்று நின்றது. சங்கு ஊதவில்லை, கூண்டு இறங்கவில்லை. அன்று பல இல்லங்களில் அடுப்பு அணைந்ததையும், இளைஞர்கள் விடியற்கால வண்டியேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்வதையும் நாம் அறிவோம்.

ஆனால் குழந்தைகளின் பாட்டு வகுப்பு நிற்கவில்லை. அதற்குச் சுரங்கம் வேண்டா, முதல் வேண்டா. ஒரு பாயும், ஒரு சுருதியும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். பொன்னை நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துவிட்டுப் போக இயலாமற் போகலாம். வழுவாத குரலையும், ஒரு நாளைக்கு ஒரு படி என்று ஏறும் பொறுமையையும் வைத்துவிட்டுப் போகலாம். அப்படி ஏறியவர்கள், கல்வியிலும் தொழிலிலும் எந்த உயரத்தைத் தொட நேர்ந்தாலும், தொண்டை நெரியாமல் தொடுவர். தொட்டபின் தம் ஸவுக்குத் திரும்பி வரவும் அறிவர்.

ஆகையால் பெற்றோர்களே, இவ்வாண்டு விழா முடிந்த மறுநாள் காலையில் உங்கள் குழந்தையை அருகில் அமர்த்தி, மெல்லிய குரலில், மந்தரத்திலிருந்து தொடங்குங்கள். நாற்பதைக் கடந்தவர் தாமும் உடன் அமரலாம். தாசர் தொடங்கியதும் அவ்வயதில்தான்.

வாழ்க புரந்தரதாசர் புகழ்! வளர்க நம் சங்கம்! ஓங்குக இன்னிசை!